மூட்டை அதே மூட்டைதான்

சில வருடம் ஒரு மாட்டுத்தீவன மில்லின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற மில், பெயர் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. மக்காச்சோளம், அரிசித் தவிடு, எண்ணெய் எடுத்த தவிடு, கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, சோயா, மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை), மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) என்று ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலையைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். கர்நாடகத்துத் தாவணகெரே மக்காச்சோளம் என்ன விலை, சேலத்துத் திப்பி என்ன விலை என்று புரோக்கர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு வைத்திருப்பேன். புரதம் இவ்வளவுக்குக் குறையக்கூடாது, நார் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, யூரியா 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்புகள் முன்பே உள்ளே இருக்கும். பொத்தானை அமுக்கினால், அந்த வரம்புகளுக்குள் எந்தக் கலவை மிகக் குறைந்த விலைக்கு வருமோ அதை எடுத்துக் கொடுக்கும். போன வாரம் நூற்றுக்கு 25 பங்கு இருந்த மக்காச்சோளம் இந்த வாரம் 12 ஆகியிருக்கும். போன வாரம் பட்டியலிலேயே இல்லாத சரக்கு இந்த வாரம் மேலே வந்து உட்கார்ந்திருக்கும். மூட்டையின் பெயர், படம், நிறம், விலை எதுவும் மாறாது.

இதில் திருட்டு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத்தில் பெரிய தீவன மில்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. இந்தக் கணக்கு பிறந்ததே மனிதச் சாப்பாட்டுக்காக. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1945இல் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு வேண்டிய ஒன்பது சத்துகளையும் கொடுக்கிற மிக மலிவான சாப்பாடு எது? 77 உணவுப் பொருள்களை வைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டு, 1939ஆம் வருட விலையில் வருடத்துக்கு 39.93 டாலர் என்று சொன்னார். இரண்டு வருடம் கழித்து ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற கணித அறிஞர் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் என்ற முறையை இதே கணக்கில்தான் சோதித்துப் பார்த்தார்கள். குமாஸ்தாக்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துச் சுழற்றி, ஏறக்குறைய 120 ஆள் நாள் உழைத்துக் கிடைத்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லர் கண்ணால் பார்த்துப் போட்டதைவிட 24 சென்ட்தான் குறைவு. ஸ்டிக்லர் போட்ட சாப்பாட்டில் இருந்ததெல்லாம் கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, பீன்ஸ் கொட்டை. இதை வருடம் முழுக்கத் தின்னச் சொன்னால் எந்த மனுஷனும் தட்டைத் தூக்கி எறிவான். கணக்கு சரிதான், தின்ன ஆள் இல்லை. கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் கோழிப் பண்ணையும் மாட்டுத்தொட்டியும்.

அந்தக் கணக்கின் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குக் காரணம் பாலக்கோடு பக்கம் இருக்கிற என் அக்காவும் அவள் வீட்டு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் என்ற வெளிநாட்டுப் பால் இனம்) கலப்பு மாடுகளும்.

மாடு தலையைத் திருப்பிய வாரம்

2024இல் நடந்தது. அதற்குக் கொஞ்சம் முன்கதை இருக்கிறது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை மத்திய அரசு மட்டுப்படுத்தியது. அடுத்த மாதமே மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தருகிற விலை லிட்டருக்கு ரூ.71.86 ஆனது. வண்டிக்கு ஊற்றுகிற பெட்ரோலும் கோழியும் மாடும் ஒரே கதிருக்கு வரிசையில் நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மக்காச்சோளம் ஏறியது. நாமக்கல் முட்டைப் பண்ணைக்காரர்கள் வரியில்லாமல் வெளிநாட்டு மக்காச்சோளம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதே சமயம் எத்தனால் ஆலையிலிருந்து டிடிஜிஎஸ் என்று ஒரு சரக்கு மலிவாக வெளியே வந்தது. மக்காச்சோளத்தில் மாவுச்சத்தைச் சாராயமாக எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற சக்கையை உலர்த்தியது. ஒரு டன் மக்காச்சோளம் போனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இது திரும்பி வரும். மாவு போய்விட்டதால் புரதம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகத் திரண்டு நிற்கும். பார்த்தால் நல்ல சரக்கு. புரதத்தோடு சேர்ந்து எண்ணெயும் திரளும், கதிரில் பூஞ்சை இருந்தால் அதன் நஞ்சும் அதே அளவுக்குத் திரளும்.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மக்காச்சோளத்தில் பாதியும் பிண்ணாக்கில் கொஞ்சமும் கீழே போய், டிடிஜிஎஸ் மேலே வந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் மிச்சம். பாக்கி இடத்தைத் தவிடும் திப்பியும் நிரப்பின. மேனேஜருக்கு நல்ல சந்தோஷம்.

அந்தச் சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள். "தம்பி, போன வாட்டி வந்த மூட்டை மாதிரி இது இல்லடா. கையில எடுத்தா மாவு கொட்டுது. வாசனையும் என்னமோ புளிச்ச மாதிரி இருக்குது. பெரிய மாடு மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிச்சு."

எந்த மில்லில் நான் வேலை பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மூட்டையையே வாங்கிக்கொண்டிருந்தாள். சாம்பிள் எடுத்து மில் லேபில் கொடுத்தேன். புரதம் 20க்கு மேல், ஈரம் 11க்குள், நஞ்சும் வரம்புக்குள். எல்லாமே பாஸ். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அவள் திருப்பி அனுப்பியது பால் சொசைட்டி ஸ்லிப்பின் போட்டோ. இரண்டு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்கு 16 லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தது 14 ஆகியிருந்தது. கொழுப்பும் இரண்டு மூன்று புள்ளி, அதாவது 0.2, 0.3 சதவீதம், இறங்கியிருந்தது.

இரண்டு காகிதமும் உண்மைதான், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மாட்டின் பெருவயிறு ஒரு நொதிக்கலம். தீவனத்தை நேரடியாகத் தின்பது மாடு இல்லை, உள்ளே இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிர்கள். மாவைத் தின்கிற கூட்டம் வேறு, நாரைத் தின்கிற கூட்டம் வேறு. தீனி மாறினால் உள்ளே யார் அதிகம் யார் குறைவு என்பதும் மாற வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு வாரமாவது பிடிக்கும். அதனால்தான் புதுத் தீவனத்தைப் பழையதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்கிறார்கள். நார் நொதித்து வருகிற அசிட்டேட்டிலிருந்துதான் பாலின் கொழுப்பில் ஒரு பெரிய பங்கு உண்டாகிறது. மக்காச்சோளத்தின் எண்ணெய் திடீரென்று அதிகமாக உள்ளே போனால் அந்த வேலை கெடும். ஸ்லிப்பில் புள்ளி இறங்கும். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வரம்புகளில் இது எதுவும் கிடையாது. போன வாரம் இந்த மாடு என்ன தின்றது என்று அது கேட்பதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாடு புதிதாகப் பிறந்து வந்து தொட்டியில் வாய் வைக்கிறது என்றுதான் அதற்கு நினைப்பு.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அக்கா மாட்டுக்கு ஒன்றரை கிலோ உடம்புக்கு, லிட்டருக்கு 400 கிராம் பாலுக்கு என்ற கணக்கில் வைக்கிறவள். இரண்டு மாட்டுக்கும் நாளைக்கு ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பத்து நாளைக்கு இரண்டு மூட்டை என்று வையுங்கள். அந்த இரண்டு மூட்டையில் மில்லுக்கு மிச்சம் ரூ.100. அக்காவுக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் வீதம் 20 லிட்டர் நட்டம். கூட்டுறவு விலை அப்போது ஊக்கத்தொகையோடு ரூ.38, ஆக ரூ.760. மாடு தின்னாமல் விட்ட தீனியின் காசைக் கழித்துக்கொண்டாலும், கொழுப்புப் புள்ளிக்குப் பிடித்தம் போனதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும், ஒரு இடத்தில் 100 மிச்சமாக இன்னொரு இடத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு காணாமல் போயிருக்கிறது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிற ஆள் யாராவது இருந்திருந்தால் அந்த மாற்றத்தைச் செய்திருக்கவே மாட்டார். எழுதுகிற கை வேறு வேறு.

கோழிக்கு மட்டும் எப்படிச் சரியாக வருகிறது

அப்படி ஒரே நோட்டில் எழுதுகிறவர்களும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தர்மபுரியிலிருந்து அரூர் பக்கமோ ஊத்தங்கரை பக்கமோ போனால் வழியெல்லாம் நீள நீளமாகக் கறிக்கோழிக் கொட்டகைகள் தெரியும். கொட்டகை விவசாயியுடையது, மின்சாரமும் ஆளும் அவருடையது. குஞ்சு கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது. நாற்பது நாள் கழித்து கம்பெனி வண்டியே வந்து கோழியை எடை போட்டு எடுத்துப் போகும். விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இந்த ஏற்பாட்டின் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்வேன். கூலி போதவில்லை என்று கொட்டகைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீவன விஷயத்தில் மட்டும் அங்கே ஒரு கட்டுப்பாடு தானாக வந்துவிடுகிறது. ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் போனது என்ற எண், ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில் நிற்கிற அந்த எண், கம்பெனியின் சொந்தக் கணக்கு. கலவையை மாற்றி கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்து, கோழி கூடுதலாகத் தின்றால் நட்டம் அவர்கள் வீட்டுக்கே திரும்பி வரும். அதனால் லைசின், மெத்தியோனின் என்ற புரதக் கூறுகள் எவ்வளவு, மாற்றினால் எத்தனை நாளில் மாற்றுவது என்று தலையை உடைத்துக்கொள்கிறார்கள்.

மாட்டுத்தீவனத்தில் மூட்டை கேட்டைத் தாண்டியதோடு மில்லின் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு எந்த லிட்டர் குறைந்தது, எந்த மாடு சினை பிடிக்காமல் தள்ளிப்போனது என்பதெல்லாம் மில்லுக்கு வந்து சேர வழியே இல்லை. எங்கள் மாடு "திறமை குறைந்தது", வெளிநாட்டு மாட்டோடு ஒப்பிட்டால் தீனிக்குத் தகுந்த பால் இல்லை என்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் மாட்டின் பங்கு எவ்வளவு, அதன் தொட்டியில் மாதத்துக்கு எத்தனை தரம் தீனி மாறியது என்பதன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

மூட்டையில் அச்சடித்திருப்பது

மூட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கச்சா புரதம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரப்படி முதல் வகைக்கு 22 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20. இந்த எண் லேபில் எப்படி வருகிறது என்று நம் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள், 287.5 வருகிறது. அதாவது நூறு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா போட்டால் கச்சா புரதம் ஏறக்குறைய மூன்று சதவீதம் ஏறிவிடும். மூட்டையில் 20 என்று போட்டிருக்கும், பிண்ணாக்கிலிருந்தும் தானியத்திலிருந்தும் வந்தது 17தான் இருக்கும். இதுவும் அனுமதிக்கப்பட்ட அளவுதான், விஷம் ஒன்றும் இல்லை. வயிற்றில் கூடவே மாவுச்சத்து போதுமான அளவு இருந்தால் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரஜனைப் பிடித்துப் புரதமாக்கிக்கொள்ளும். மக்காச்சோளத்தைக் குறைத்த வாரத்தில் அந்த மாவு எங்கே இருந்து வரும் என்பதுதான் கேள்வி.

அதற்காக எல்லாரும் வீட்டிலேயே அரைத்துக் கலக்க வேண்டும் என்று சொல்கிற கட்சியிலும் நான் இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படி நிறையச் சுற்றுகிறது. அக்காவின் மாமியார் காலத்தில் கழனித்தண்ணி, தவிடு, கொள்ளுப் பொட்டு, கைப்பிடி கடலைப் பிண்ணாக்கு, இதோடு சரி. அன்றைக்கு வீட்டில் நின்ற நாட்டு மாடு நேரத்துக்கு இரண்டு லிட்டர் கொடுத்தது, அதற்கு இது போதும். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடு ஏரில் நடக்க வந்த மாடு, பாலுக்கு வந்தது இல்லை. இன்றைக்குப் பத்து லிட்டர் கறக்கிற கலப்பு மாட்டுக்குத் தாது உப்பு இல்லாமல் ஒரு ஈத்து ஓட்டினால் அடுத்த ஈத்தில் தெரியும். ஈரத்தில் கிடந்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வந்தால் அது பாலிலும் இறங்கும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம், வீட்டுத் திண்ணையில் அதை அளக்க வழி கிடையாது. மில்லில் சாம்பிள் எடுக்காமல் ஒரு லோடும் இறங்காது. அந்த விஷயத்தில் மூட்டைதான் நம்பிக்கை.

விலையைக் கிலோவுக்குப் பார்ப்பதும் ஏமாற்றும். திப்பியையோ பெங்களூர் பக்கத்திலிருந்து டேங்கரில் வருகிற பீர் கழிவையோ ஈரமாக வாங்கினால் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கிலோ மலிவு, காய்ந்த எடைக்குப் பார்த்தால் சில சமயம் மூட்டைத் தீவனத்தை எட்டிப் பிடிக்கும். ராகித்தாளுக்கு, அதாவது கதிர் அறுத்த பிறகு நிற்கிற தட்டைக்கு, இதற்கு நேர் எதிரான கதை. சொந்தக் காட்டில் விளைந்தது என்பதால் கணக்கிலேயே வராது. நெல் வைக்கோலைவிட நல்ல தீனி, சுண்ணாம்புச் சத்தும் கூடுதல், கொழுப்புப் புள்ளியைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். தீவனம் மாறிய வாரத்தில் அக்கா போரிலிருந்து தாளைக் கூடுதலாகப் பிடுங்கிப் போட்டு, மூட்டைத் தீனியைக் குறைத்தாள். கொழுப்பு அதனால்தான் சீக்கிரம் மேலே வந்தது என்பது என் கணிப்பு. 2023 மே மாதத்தில் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் ராகி தர ஆரம்பித்தார்கள், கொள்முதல் நிலையமும் வந்தது. தானியத்துக்கு இதனால் என்ன ஆனது என்று எழுதுகிறார்கள், தாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

மேனேஜரின் பக்கம்

மறுநாள் இரண்டு போட்டோவையும் மேனேஜரிடம் காட்டினேன். நல்ல மனுஷர், அவர் வீட்டிலும் மாடு உண்டு. பார்த்துவிட்டு, "ரெசிப்பிய மாத்தக்கூடாதுன்னா வெலைய மாத்தணும். மூட்டைக்கு அம்பது ரூபா ஏத்துனா உங்க அக்காவே அடுத்த நாள் வேற கம்பெனி மூட்டைய எறக்குவாங்க. அது மாடு தின்னு பழகாத மூட்டைதான?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. அக்கா ஏன் ஐம்பது ரூபாய்க்கு மூட்டையை மாற்றுவாள்? பால் விலை அவள் கையில் இல்லை. 2022 நவம்பரில் கூட்டுறவில் பசும்பால் லிட்டர் 32லிருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் ரூ.3 ஊக்கத்தொகை வந்தது. நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் அந்த எண் அசையவில்லை. மக்காச்சோளம் வாரத்துக்கு வாரம் அசைகிறது. எண்ணெய் எடுத்த தவிடு ஏறுகிறது என்று 2023 ஜூலையில் அதன் ஏற்றுமதியையே அரசு நிறுத்த வேண்டி வந்தது. ஒரு முனையில் சரக்கு விலை ஆடுகிறது, மறுமுனையில் பால் விலை கட்டிப்போட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற மூட்டை விலையையும் ஏற்ற முடியாது. அப்போது எது ஆடித்தான் ஆக வேண்டும்? மூட்டைக்குள் இருப்பது. ஆட்டம் முழுவதும் கடைசியில் மாட்டின் பெருவயிற்றில் போய் இறங்குகிறது. அங்கே அதற்கு விலைச்சீட்டு கிடையாது.

மேனேஜர் சொன்னதில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. மாற்றாமல் இருக்க முடியாது, சரி. சொல்லாமல் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? அக்காவுக்கு ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் பழைய மூட்டையில் ஒன்றை வைத்துக்கொண்டு கலந்து கலந்து ஏற்றியிருப்பாள். இருபது லிட்டரில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும், மில்லின் நூறு ரூபாயும் மில்லிலேயே இருந்திருக்கும்.

இப்போது அவள் அப்படித்தான் செய்கிறாள், யாரும் சொல்லாமலேயே. எப்போதும் ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறாள். புது மூட்டையைப் பிரித்ததும் ஒரு கை அள்ளி மோந்து பார்க்கிறாள், தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கரைகிற விதத்தைப் பார்க்கிறாள். வேறு மாதிரி இருந்தால் பழையதோடு கலக்கிறாள். அந்தக் கூடுதல் மூட்டையின் பணம் குழுக் கடனில் வட்டியோடு நிற்கிறது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் அதைப் பலகை மேல் ஏற்றி வைக்கிற வேலையும் அவளுடையது. பால் உற்பத்திச் செலவில் தீவனம் 60, 70 சதவீதம் என்று எழுதுகிற எந்தக் கட்டுரையிலும் இந்த வட்டி இருக்காது.

வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னேன். மூட்டையின் வாயைத் தைக்கிற நூல் எப்போதும் வெள்ளை. கலவை ஓர் அளவுக்கு மேல் மாறுகிற வாரத்தில் சிவப்பு நூலில் தைக்கலாமே. செலவு ஒன்றும் இல்லை. கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் போதும், சிவப்பு நூல் வந்தால் பழையதோடு கலந்து வை என்று அவர் மாட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவார்.

அவர் சிரித்தார். "நீ வேற. நூலைப் பாத்ததுமே கடைக்காரன் வெள்ளை நூல் மூட்டைக்கு இருபது ரூபா ஏத்திடுவான்."

ஏற்றட்டுமே என்றேன். மாறாத மூட்டைக்கு மாட்டுக்காரர்கள் எவ்வளவு கூடக் கொடுப்பார்கள் என்று கடைத்தெருவாவது சொல்லட்டும். கம்ப்யூட்டரில் போட அப்படி ஒரு எண் அதுவரை எங்களிடம் இல்லை.